தொடாமல் பார்க்கும் நாடி

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பாகப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ஒரு திருப்பயணம் புறப்படுகிறது. கம்பர் வழிபட்டதாக ஐதிகம் கூறும் சரசுவதி தேவி மரபுப்படி யானைமீது எழுந்தருள்கிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் ஊர்வலம் திருவனந்தபுரம் சேர்கிறது. தேவி கோட்டைக்குள் செல்ல, குமாரசுவாமி வலியசாலையை அடுத்துள்ள ஆரியசாலைக்கும், நங்கை செந்திட்டைக்கும் செல்கின்றனர். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், இது களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டும் பயணமாகவும் ஆயிற்று. ஆகவே அந்த யானையும் நம்மைப் போல வெளி மாநிலம் சென்று வருகிற ஒன்றுதான்!

வழிநெடுக மக்கள் தேவியைத் தரிசிக்கிறார்கள். யானையின் நடையழகை வியக்கிறார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்த அந்தப் பெரிய உடலுக்குள் இருதயம் எப்படித் துடிக்கிறது, மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டாலும் விடை காண்பது எளிதன்று. யானையின் நாடியைப் பார்க்க வேண்டுமானால் காதின் பின்புறம் ஓடும் இரத்தக் குழாயின்மீது கைவைக்க வேண்டும். புதியவர் கை பட்டதும் யானை விழிப்படைகிறது. விழிப்படைந்த யானையின் நாடி அமைதியாக நின்ற யானையின் நாடியன்று. பிராணிகளைப் பற்றிய மருத்துவ விஞ்ஞானம் நெடுங்காலம் போராடிய சிக்கல் இதுவே: தொடாமல் அறிய முடியாது, தொட்டால் அறிய வேண்டியதே மாறிவிடுகிறது. இச்சிக்கலை விஞ்ஞானிகள் எவ்வாறு அவிழ்த்து வருகிறார்கள் என்ற வரலாற்றை இங்கே காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இருதயத் துடிப்பு, சுவாசம், உடற்சூடு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர்கள் ஒரு தொகுதியாகக் கொள்கிறார்கள். 'உயிர்க்குறிகள்' என்று அத்தொகுதியைத் தமிழில் சொல்லலாம். ஓர் உயிர் தன்னைப் பற்றித் தானே சொல்லாமல் சொல்லும் செய்திகள் அவை. மனிதன் நோவைச் சொற்களால் கூறுவான். பிராணிக்கு உயிர்க்குறிகள் மட்டுமே வாய்மொழி.

அவ்வாய்மொழியைக் கண்ணால் படிக்கும் கலையில் நம் முன்னோர் வல்லவர்களாக இருந்தார்கள். அக்கலை நன்கு வழங்கிய இடங்களில் ஒன்று திருவனந்தபுரத்துச் சாலைப் பகுதி. வலியசாலை பழம்பெருமை வாய்ந்த இடம். முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி பெருமையோடு குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இங்கிருந்ததாகவே ஆராய்ச்சியாளர் பலரும் கருதுகின்றனர். இன்றும் இங்குள்ள மகாதேவர் கோயில் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாலை என்பது கல்வி பயிலும் நிலையமாக இருந்தது என்பது அறிஞர் பலரின் கொள்கை. இராசராசன் அங்கே என்ன செய்தான் என்பதில் அறிஞரிடையே இன்னும் வழக்கு உண்டு. அவ்வழக்கிற்குள் நாம் புக வேண்டியதில்லை. பிற்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் வந்து தங்கிய அக்கிரகாரத் தெருக்களால் வலியசாலை தமிழ் மணம் மாறாத இடமாக நிலைபெற்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை உருவாக்கினார். நாஞ்சில் நாட்டு நெல்லும் கிழக்கேயிருந்து வந்த சரக்குகளும் மாட்டு வண்டிகளில் இத்தெருவை வந்தடைந்தன. இரவெல்லாம் வண்டி இழுத்து வந்த மாட்டை அவிழ்த்துக் கட்டிய வண்டிக்காரர், அதைத் தொடுமுன்பே அதன் நிலையை அறிந்துவிடுவார். மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார். அசைபோடுகிறதா என்று பார்ப்பார். விலாவுக்குப் பின்னுள்ள பள்ளம் ஏறி இறங்குவதைக் கண்ணால் அளந்து மூச்சைக் கணிப்பார். யானைப் பாகரோ காதாட்டத்தையும் வாலசைவையும் தும்பிக்கையின் நிலையையும் நோக்குவார். காதை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும் யானை நலமாக உள்ளது. வீசுவதை நிறுத்திவிட்டு அசையாது நிற்கும் யானை ஏதோ ஒன்றைச் சொல்கிறது. இத்தகைய அறிவு மாட்டு வாகடங்களாகவும் கஜ சாஸ்திரம், அசுவ சாஸ்திரம் முதலிய நூல்களாகவும் ஏட்டில் ஏறியது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் இவ்வகை ஏடுகளைக் காத்தும் பதிப்பித்தும் வந்திருக்கிறது.

இக்கண்ணறிவுக்கு இரண்டு குறைகள் உண்டு. அது பார்ப்பவரோடு பிறந்து அவரோடே மறைவது. மற்றொருவருக்கு எண்ணாக எழுதிக் கொடுக்க இயலாதது. மேலும், மாட்டின் விலா ஏறி இறங்குவதைக் கண்ணால் காணலாமேயன்றி, உள்ளே இருதயம் துடிப்பதைக் காண இயலாது. அதை எண்ணாக அறிய விரும்பியவர்கள் தொடத் தொடங்கினார்கள். வரலாற்றில் அத்தொடுதல் சில நேரங்களில் மிகக் கொடியதாகவே இருந்தது.

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் இரத்தம் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று அறிய விரும்பினார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் இரத்தக் குழாயைத் திறந்து, பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறியது. உலகில் முதன்முதலாக ஓர் உயிரின் இரத்த அழுத்தம் அளக்கப்பட்ட நிகழ்ச்சி அதுவே. 1733ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலால் உலகம் இதை அறிந்தது. குதிரை பிழைக்கவில்லை. அதன் இரத்த அழுத்தம் தெரிந்தது. ஆயினும் அந்த எண், கட்டுண்டு அஞ்சிக் கிடந்த ஒரு குதிரையின் எண். புல்வெளியில் மேய்ந்து நிற்கும் குதிரைக்கு எவ்வளவு என்பதை ஹேல்ஸின் கண்ணாடிக் குழாய் சொல்லவில்லை.

1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லென்னக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. மருத்துவரின் காதுக்கும் நோயாளியின் மார்புக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அடி இடைவெளியை அக்கருவி உண்டாக்கிற்று. நோயாளியின் மரியாதையைக் காக்கவே அந்த இடைவெளி பிறந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

பின்பு மின்சாரம் வந்தது. இருதயம் துடிக்கும்போது உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தை உடலின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்யலாம் என்று 1887இல் லண்டனில் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். அவர் தம் வளர்ப்பு நாய் ஜிம்மியைக் கொண்டும் இதைச் செய்து காட்டினார். நாயின் கால்கள் உப்பு நீர்ப் பாத்திரங்களில் நின்றன. அவற்றிலிருந்து கம்பிகள் கருவிக்குச் சென்றன. 1909இல் ராயல் சொஸைட்டியின் மாலைக் கூட்டத்தில் இக்காட்சி நடந்தபோது, இது மிருகவதை அல்லவா என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்வியே எழுந்தது. நாய் உப்புத் தண்ணீரில் கால் நனைத்ததைத் தவிர வேறு துன்பம் எதுவும் அதற்கு நேரவில்லை என்பதே விடை. ஹேல்ஸின் குதிரையிலிருந்து வாலரின் நாய் வரை 176 ஆண்டுகளில் விஞ்ஞானம் எவ்வளவு தூரம் மென்மையடைந்திருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆயினும் ஜிம்மி பழக்கப்பட்ட நாய். காட்டு யானையையோ மானையோ உப்புத் தண்ணீரில் நிற்கச் சொல்வார் யார்?

தொடாமல் அறியும் வழி மருத்துவத்திலிருந்து வரவில்லை. வானத்தைப் பார்த்தவர்களிடமிருந்தும், வானொலியிலிருந்தும் வந்தது. 1842இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் ஒரு கருத்தை வெளியிட்டார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அலைகள் நெருங்கி வரும். விலகினால் அகன்று வரும் என்பது அது. விண்மீன்களின் ஒளியை எண்ணி அவர் இதைச் சொன்னார். 1845இல் ஹாலந்து நாட்டில் ரயில் வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, அது நெருங்கும்போதும் விலகும்போதும் சுருதி மாறுவதைக் காதால் கேட்டு உறுதி செய்தார்கள். நிலையத்தில் நிற்காமல் விரைந்தோடும் ரயிலின் ஊதல் நம்மைக் கடந்ததும் சுருதி இறங்குவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே விதிதான்.

மின்காந்த அலைகளை ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1880களில் உண்டாக்கிக் காட்டினார். அவற்றை மிகச் சிறிய அலைகளாக்கியவர் நம் நாட்டவர். 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தம் கருவியிலிருந்து எழுந்த அலைகளைச் சுவர்களை ஊடுருவச் செய்து, தொலைவில் மணியடிக்கவும் வெடிமருந்து தீப்பற்றவும் வைத்தார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியது. அலைநீளம் 5 மில்லிமீட்டர் என்றால் அதிர்வெண் 60 கிகாஹெர்ட்ஸ். இன்று உயிர்க்குறிகளை அறியும் சின்னஞ்சிறு ராடார் கருவிகள் பல இதே 60 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கின்றன. போஸ் தம் வாழ்வின் பிற்பகுதியில் அலைகளை விட்டுச் செடிகளின் பக்கம் திரும்பினார். கண்ணுக்குப் புலப்படாத செடியின் வளர்ச்சி அசைவை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்தார். முற்பகுதியில் மில்லிமீட்டர் அலை. பிற்பகுதியில் உயிரின் நுண்ணசைவு. அவர் தனித்தனியே வைத்துச் சென்ற இவ்விரண்டு பாதிகளும் பின்வந்த காலத்தில்தான் ஒன்றாகப் பொருந்தின.

ராடார் பிறந்த கதையில் வானொலி நேயர்களுக்கு உரிமையுள்ள பகுதி ஒன்று உண்டு. 1935 பிப்ரவரி 26ஆம் நாள் இங்கிலாந்தில் வாட்ஸன் வாட்டும் அவருடைய துணைவரும், டாவென்ட்ரியில் இருந்த பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளையே பயன்படுத்தி, வானில் பறந்த விமானம் ஒன்றிலிருந்து அவை எதிரொலித்துத் திரும்புவதைக் கண்டறிந்தார்கள். பேச்சையும் பாட்டையும் சுமந்து சென்ற அலையே அன்று விமானத்தையும் காட்டிக் கொடுத்தது. ராடார் வானொலியின் உடன்பிறப்பு என்று சொன்னால் அது மிகையன்று.

இரண்டாம் உலகப் போரில் ராடார் இரவும் பகலும் வானத்தை நோக்கிற்று. அப்போது திரையில் விளங்காத எதிரொலிகள் சில தோன்றின. விமானம் எதுவும் இல்லாத இடத்தில் ஏதோ மெல்ல நகர்ந்தது. ராடார் இயக்குவோர் அவற்றுக்குத் 'தேவதைகள்' என்று பெயரிட்டார்கள். அவற்றில் பல பறவைகளே என்று டேவிட் லாக், வார்லி என்ற உயிரியல் அறிஞர்கள் காட்டி, 1945இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். போர்க் கருவிக்கு இடைஞ்சலாகத்தான் பிராணிகள் முதலில் ராடாரின் முன் வந்தன. இடைஞ்சல் என்று துடைத்தெறியப்பட்ட அந்த எதிரொலிக்குள் உயிரின் செய்தி இருந்தது.

அச்செய்தியைப் படிப்பது எப்படி? உயிருள்ள பிராணி அசையாமல் படுத்திருந்தாலும் அதன் மார்பு அசைகிறது. மனிதர்களை எடுத்துக்கொண்டால், மூச்சு இழுத்து விடும்போது மார்பின் மேற்புறம் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்கிறது. இருதயத் துடிப்பினால் உண்டாகும் அசைவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ராடார் கருவி 5 மில்லிமீட்டர் அலையை அனுப்புவதாகக் கொள்வோம். மார்பு 1 மில்லிமீட்டர் முன்னே வந்தால், அலை போவதில் ஒன்றும் வருவதில் ஒன்றுமாக வழி 2 மில்லிமீட்டர் குறைகிறது. அஃதாவது ஓர் அலையின் ஐந்தில் இரண்டு பங்கு. திரும்பி வரும் அலை, போன அலையோடு இணைசேரும் நிலை அந்த அளவுக்கு மாறிவிடுகிறது. அம்மாற்றத்தைக் கருவி ஓயாது அளக்கிறது. மெதுவான பெரிய ஏற்ற இறக்கம் சுவாசம். அதன்மேல் விரைவாக ஓடும் சிறு நடுக்கம் இருதயம். கடலின் பேரலைமேல் காற்று எழுப்பும் சிற்றலைகள் போல என்று நினைத்துக் கொள்ளலாம். உரோமம் உலர்ந்திருந்தால் அலை பெரும்பாலும் அதைக் கடந்து, ஈரமுள்ள தோலில் பட்டுத் திரும்புகிறது. கருவி வெளியிடும் சக்தியோ மில்லிவாட் கணக்கில் எண்ணும் அளவு சிறியது. பிராணி அதை உணர்வதில்லை.

1971இல் காரோ, புளாய்ஸ் என்ற இருவர் மூச்சு நின்றுபோவதைத் தொடாமல் அறிவிக்கும் ராடார் கருவியைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். 1975இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் லின் நுண்ணலைகளைக் கொண்டு மனிதர், பிராணிகள் ஆகியோரின் சுவாச அசைவை அளக்கும் முறையை வெளியிட்டார். 1986இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக் குன்-மூ சென்னும் துணைவரும் சுவருக்கு அப்பால் உள்ளவரின் மூச்சையும் இருதயத் துடிப்பையும் உணரும் கருவியை அமைத்தார்கள். இவ்வழியில் வந்த கருவி ஒன்று 2015இல் நேபாள நிலநடுக்கத்தின்போது உலகத்தின் கண்ணில் பட்டது. சௌதாரா என்ற ஊரில் இடிபாடுகளுக்குள் புதைந்து கிடந்த நான்கு பேர், நாசா நிறுவனத்தார் உருவாக்கிய ராடார் கருவி அவர்களுடைய இருதயத் துடிப்பைக் கண்டதனால் உயிரோடு மீட்கப்பட்டார்கள். குரல் எழுப்ப இயலாதவர்களுக்காக இருதயம் பேசியது; அதைக் கேட்கக் கருவி இருந்தது.

குரல் இருந்தும் சொல் இல்லாத பிராணிகளுக்கு இது எவ்வளவு பொருத்தமானது! ஜப்பான் நாட்டு அறிஞர்கள் குளிர்கால உறக்கத்தில் ஆழ்ந்த கருங்கரடியின் சுவாசத்தை நுண்ணலை ராடாரால் நெடுநாள் கவனித்து 2009இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். உறங்கும் கரடியின்மேல் கருவி பொருத்தச் சென்றால் கரடி விழித்துவிடும். விழித்தால் ஆராய வேண்டிய உறக்கமே இல்லாமற் போகும். ராடாருக்கு அந்தத் தொல்லை இல்லை. அண்மை ஆண்டுகளில் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் சிம்பன்சிக் குரங்குகளின் சுவாசத்தை மில்லிமீட்டர் அலை ராடாரால் தொடாமல் அளந்திருக்கிறார்கள். பசு, பன்றி முதலிய பண்ணைப் பிராணிகளிடத்தும் ஆராய்ச்சிகள் நடந்து வருகின்றன.

இனி மீண்டும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். தொலைவிலிருந்து அளந்தறியும் விஞ்ஞானம் இந்நகரத்துக்குப் புதியதன்று. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வானாராய்ச்சிக் கூடம் ஒன்றை நிறுவினார். ஜான் கால்டெகாட் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் 1852இல் வந்த ஜான் ஆலன் புரௌன் பூமியின் காந்த சக்தியில் ஏற்படும் நுண்ணிய மாறுதல்களை அளந்தார். அகத்தியமலையின்மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் மற்றொரு கூடம் அமைத்து, மலைமேலும் சமவெளியிலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டார். சூரியன் தன்னைத்தானே சுற்றிவரும் காலத்துக்கும் பூமியின் காந்தக் கலக்கங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். எட்டாத சூரியனைச் சிறியதொரு காந்த ஊசியின் நடுக்கத்தில் படிக்க முயன்றவர் அவர்.

இதே புரௌன்தான் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தை அமைப்பதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர். அதன் முதல் இயக்குநரும் ஆவார். 1857இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதைக் காண மக்கள் போதிய அளவு வரவில்லை என்பதால், 1859இல் அதே வளாகத்தில் மிருகக்காட்சி சாலையும் பூங்காவும் சேர்க்கப்பட்டன. வலியசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த மிருகக்காட்சி சாலை இந்தியாவின் மிகப் பழையனவற்றுள் ஒன்று. விடுமுறை நாட்களில் அங்கே போய் வந்த நினைவு தென்கோடித் தமிழர் பலருக்கு உண்டு.

அங்கே அண்மையில் நேர்ந்த ஒரு துயரம், நாம் பேசும் பொருளின் அவசியத்தை உணர்த்தும். 2022, 2023 ஆண்டுகளில் அம்மிருகக்காட்சி சாலையில் புள்ளிமான்களும் வெளிமான்களும் காசநோயால் இறந்தன. மான் தன் நோயை மறைக்கும் இயல்பினது. காட்டில் தளர்ந்து நிற்கும் மானே புலிக்கு முதலில் இரையாகும் ஆதலின், இயன்றவரையில் நலமாக இருப்பது போலவே காட்டிக்கொள்ளும். நோய் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். சரி, பிடித்துப் பரிசோதிக்கலாமே என்றால், மானைப் பிடிப்பதே ஆபத்து. துரத்திப் பிடித்த மான், அச்சத்தாலும் ஓடிய களைப்பாலும் தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துபோவது உண்டு. கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த கேடு இது. மயக்க ஊசியும் அபாயம் அற்றதன்று. காப்பாற்ற நீட்டும் கையே கொல்லும் கையாகலாம் என்னும் நிலையில், தொடாமல் அறிவது வெறும் விஞ்ஞான விந்தையாக நின்றுவிடாமல் உயிர் காக்கும் வழியாகிறது.

ஆயினும் கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ராடார் காசநோயைக் காட்டாது. மூச்சு மாறியிருக்கிறது என்பதை மட்டும் காட்டும். என்ன நோய் என்று கூற வேண்டியவர் மருத்துவரே. பிராணி நடந்தாலோ தலையாட்டினாலோ அந்தப் பெரிய அசைவில் மார்பின் சிற்றசைவு மூழ்கிவிடும். மந்தையாக நிற்கும் மான்களில் எந்த மூச்சு எந்த மானுடையது என்று பிரித்தறிவது கடினம். மூச்சின் ஒழுங்கான ஏற்ற இறக்கமே சில வேளைகளில் இருதயத் துடிப்பைப் போலத் தோன்றிக் கணக்கைக் குழப்பும். யானைக்கு வேறொரு சிக்கல். அதன் இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 35 முறையே துடிக்கிறது. மூச்சோ 4 முதல் 12 முறைதான். அவ்வளவு மெதுவான மூச்சை அளக்கக் கருவி பொறுமையோடு நெடுநேரம் நோக்க வேண்டும். யானையோ காதை வீசாமலும் உடலை ஆட்டாமலும் நிற்காது. இக்காரணங்களால் பிராணிகளுக்கான ராடார் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இரவில் மான்கள் படுத்து அசைபோடும் நேரம், யானை சாய்ந்து உறங்கும் நேரம் ஆகியவற்றில் இச்சிக்கல்கள் பெரிதும் குறைகின்றன. நோயின் முதல் அறிகுறி தென்படுவதற்கும் அமைதியான நேரமே ஏற்றது.

கேரளத்தில் திருவிழாக்களில் நிற்கும் யானைகளின் நலம் நெடுநாளாக விவாதிக்கப்பட்டு வரும் பொருள். 2003இலும் 2012இலும் வளர்ப்பு யானைகளைப் பேணுவதற்கான விதிகளை அம்மாநில அரசு வகுத்தது. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், யானைக்கும் யானைக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது முதலான நெறிகளை விதித்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது. வழிபாட்டின் உரிமையும் விலங்கின் நலமும் எதிரெதிரே நிற்கும் இவ்வழக்கில் எப்பக்கமும் நாம் பேச வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். இரு பக்கத்தாரும் யானைக்காகவே பேசுவதாகக் கூறுகிறார்கள். யானைக்கு நோவு இல்லை என்பாரும் உண்டு, உண்டு என்பாரும் உண்டு. அதன் இருதயமும் மூச்சும் கூறும் சாட்சி அவையில் இன்னும் வந்து சேரவில்லை. மேளமும் தீவட்டியும் மனிதர் நெருக்கமும் அதன் நாடியை எவ்வளவு மாற்றுகின்றன என்று யானையைத் தொடாமல் அளந்து சொல்லும் நாள் வந்தால், வழக்கில் பாதி தானே தெளியும்.

தொலைவிலிருந்து நலம் அறிவது என்னவென்று வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஊரிலுள்ள பெற்றோர் தொலைபேசியில் 'சுகந்தான்' என்கிறார்கள். அச்சொல்லை நாம் அப்படியே நம்புவதில்லை. சொல்லுக்கு இடையே வாங்கும் மூச்சைக் கேட்கிறோம், குரலின் தளர்ச்சியை அளக்கிறோம். எண்ணூறு மைலுக்கு இப்பாலிருந்து நாமும் தொடாமலே நாடி பார்க்கிறோம். ஆனால் நாடி பார்ப்பதோடு கடமை முடிவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். தளர்ச்சி தெரிந்ததும் பயணச்சீட்டு எடுக்கிறவனே பிள்ளை.

ராடாரின் கதைக்கும் இந்த நியாயம் பொருந்தும். மாட்டின் மூக்கு நுனியைப் பார்த்த வண்டிக்காரர், பார்த்ததோடு நில்லாமல் அன்று வண்டி பூட்டாமல் இருந்தார். யானையின் காது ஓய்ந்ததைக் கண்ட பாகர் அதை நிழலுக்கு நடத்தினார். அவர்களுடைய அறிவுக்கு மதிப்பைத் தந்தது அதன்பின் அவர்கள் செய்த செயலே. ஹேல்ஸின் குதிரை உயிரைக் கொடுத்து ஓர் எண்ணைத் தந்தது. இன்று உயிரை வாங்காமல், உறக்கத்தைக் கூடக் கலைக்காமல், அதே போன்ற எண்களைப் பெறும் வழி பிறந்திருக்கிறது. மானின் மூச்சு மாறிவிட்டது என்று ஒரு நள்ளிரவில் கருவி சொல்லுமானால், விடியுமுன் எழுந்து சென்று அதைப் பார்க்கும் மனிதர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கருவியை விஞ்ஞானம் தரும். அந்த மனிதரை நாம்தான் தர வேண்டும்.